பொறையோட்டமும் வன்னி மண்ணும்

விளையாட்டு என்றதும் நம் கல்லூரியிற் பயின்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன உதைபந்தாட்டமும், கரப்பந்தாட்டமும், ஆண்டுதோறும் நிகழும் இல்ல மெய்வல்லுநர் போட்டியுமேயாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுதலும் விதிமுறைகளோடு கூடிய ஒரு விளையாட்டு என்று கூறின், அந்திப்பொழுதில் ஏ-9 வீதியிலே ஒருவரையொருவர் முந்திப் பறக்கும் இளைஞரை நினைந்து முகஞ் சுளிப்போர் பலராவர். அவர் முகஞ் சுளிப்பதில் நியாயம் உண்டு. பொதுவீதியில் நிகழும் அப்பாய்ச்சல் விளையாட்டும் அன்று, வீரமும் அன்று. ஆயின் அவ்விளைஞரின் கைத்திறனுக்கும் துணிவுக்கும் இடங்கொடுத்து, வேகத்தைக் கடிகாரத்தின் ஆணைக்கு உட்படுத்தி, வல்லுநரையும் புதியவரையும் ஒரே பாதையிற் செலுத்தும் விளையாட்டு ஒன்று உலகிலே நூறாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. எண்டியூரோ என்பது அதன் பெயர். தாங்கிப் பொறுத்தல் என்னும் பொருள்படும் சொல்லினடியாகப் பிறந்த பெயராதலின், தமிழில் இதனைப் பொறையோட்டம் எனலாம். அதன் இயல்பையும், அதிற் பங்குபற்றும் முறையையும், வன்னிப் பெருநிலத்துக்கு அஃது எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். மேடுபள்ளம் அமைந்த ஒரு வட்டப் பாதையில் எல்லோரும் ஒருங்கே புறப்பட்டு, முன்னே வந்தவர் வென்றார் என முடியும் ஓட்டம் மொட்டோகுரொஸ் எனப்படும். தியத்தலாவையின் பொக்ஸ் ஹில்லிலும், வவுனியாவுக்குத் தெற்கே அடுத்த பெருநகரான அனுராதபுரத்தின் சாலியபுரத்திலும் இராணுவத்தினரின் மைதானங்களில் நிகழ்ந்துவந்த சுப்பர் குரொஸ் போட்டிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அங்கே கூட்டம் பெரிது; கூட்டத்துக்கும் பாதைக்கும் இடையேயுள்ள தூரமோ சிறிது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி பொக்ஸ் ஹில்லிலே பந்தயக் காரொன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தமையை நாடறியும். பொறையோட்டம் அத்தகையதன்று. அது வட்டமடிக்கும் ஓட்டமன்று. ஊர்விட்டு ஊர்செல்லும் ஓட்டம். காடு, வயற்கரை, மணற்றரை, ஆற்றுத்துறை ஆகியவற்றினூடே பல மைல் நீளும் வழியில், ஒருவர்பின் ஒருவராக நேர இடைவெளிவிட்டுச் செல்லுகின்றனர். அருகே ஓடுபவனை முந்துதல் அங்கே நோக்கமன்று. தனக்கென விதிக்கப்பட்ட நேரத்தைத் தவறாது காத்தலே நோக்கம்.

இதன் பிறப்பிடம் பிரித்தானியா. மோட்டார் சைக்கிள் புதியதோர் இயந்திரமாக இருந்த காலத்தில், அஃது எத்துணை நம்பத்தக்கது என்று சோதிப்பதற்காகவே இத்தகைய ஓட்டங்கள் தோன்றின. 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள கார்லைல் நகரை மையமாகக் கொண்டு, சர்வதேச ஆறுநாட் சோதனை என்னும் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. இரு உலகப் போர்களும் இடையிட்டு நிறுத்தியபோதும் மீண்டும் மீண்டும் தழைத்த அப்போட்டி, 1981ஆம் ஆண்டிலிருந்து ஆறுநாள் எண்டியூரோ என்ற பெயரோடு இன்றும் நாடு மாறி நாடு நடைபெற்று வருகின்றது. தமிழருக்கு ஒருவகையில் உறவுடைய செய்தி ஒன்றும் இதிலுண்டு. 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நிகழ்ந்த ஆறுநாட் சோதனையிலே, அப்பொழுது புதிதாக உருவாகிக்கொண்டிருந்த றோயல் என்பீல்ட் புல்லட் வண்டிகள் பிரித்தானிய அணியில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றன. அதே புல்லட்தான் 1955 முதல் சென்னையிலே பொருத்தப்பட்டு, பின்னர் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முழுமையாக ஆக்கப்பட்டு, தமிழகத்துப் பொலிசாரும் பண்ணையாரும் ஏறிச் செல்லும் வண்டியாயிற்று. புகழ்வாய்ந்த அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஸ்டீவ் மக்குயின் 1964இல் கிழக்கு ஜேர்மனியின் ஏர்பேர்ட் நகரில் நடந்த போட்டியில் தம் நாட்டு அணியிற் சேர்ந்து ஓடினார். மூன்றாம் நாளில் விழுந்து விலக நேர்ந்தது. நடிகருக்கென்று பாதை தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை.

இனி, போட்டி நடைபெறும் முறையை நோக்குவாம். இதைப் புரிந்துகொண்டவர்க்கே இது எல்லோர்க்கும் உரிய விளையாட்டு என்பது விளங்கும்.

ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஓர் இலக்கமும் ஒரு நேர அட்டையும் கொடுக்கப்படும். புறப்படும் நேரம் இலக்கத்தைப் பொறுத்தது. காலை 8 மணிக்கு ஓட்டம் தொடங்குமாயின், நிமிடத்துக்கு ஒருவர் வீதம் விடும் போட்டியில் 27ஆம் இலக்கத்தவர் 8 மணி 27 நிமிடத்துக்குப் புறப்படுவார். வழியில் ஆங்காங்கே நேரநிலையங்கள் அமைந்திருக்கும். சோதனைச் சாவடி என்னும் சொல்லை இங்கு வேண்டுமென்றே தவிர்த்தோம். காரணத்தை வன்னி வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாம் நிலையம் 24 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளதென்றும், அதற்கு விதித்த நேரம் 48 நிமிடம் என்றும் கொள்வோம். அவர் 9 மணி 15 நிமிடத்துக்கு அங்கே அட்டையை நீட்டவேண்டும். 9 மணி 17க்கு வந்தால் இரண்டு நிமிடத் தாமதத்துக்கு 120 விநாடி தண்டம். 9 மணி 13க்கே வந்து அட்டையை நீட்டினாலும் தண்டமுண்டு! முந்தி வந்தவர் நிலையத்துக்கு வெளியே நின்று, தண்ணீர் குடித்து, சங்கிலியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தம் நிமிடம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். வேகமாக ஓடிப் பயனில்லை என்று விதியே கூறும் மோட்டார் விளையாட்டு இதுபோல் மிகச் சிலவே. மேற்காட்டிய கணக்கிற் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரே. உலகப் போட்டிகளிற்கூட இந்த வழிப்பகுதிகளின் சராசரி 50 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது ஒழுங்கு.

அப்படியாயின் வெற்றியை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா எழும். வழியின் இடையிடையே, பொதுமக்கள் நடமாட்டமில்லாத சில துண்டு நிலங்களை நாடா கட்டி ஒதுக்கி, விசேட சோதனைப் பகுதிகளாக அமைப்பர். ஒரு வயல்வெளி, ஒரு மணற்பரப்பு, ஒரு காட்டு ஒற்றையடிப்பாதை என்றிவ்வாறு அவை இருக்கும். அங்கே மட்டுமே விரைவு கணிக்கப்படும். அதுவும் தனித்தனியாக, கடிகாரத்தை எதிர்த்து. அவ்விநாடிகளையும் தண்ட விநாடிகளையும் கூட்டிவரும் தொகை யாருக்குக் குறைவோ அவரே முதல்வர்.

இன்னுமொரு விதி, எம் நோக்கில், இவ்விளையாட்டின் உயிர்நாடி. ஆறுநாட் போட்டியில் மாலையானதும் வண்டிகள் யாவும் பூட்டிய தரிப்பிடம் ஒன்றில் விடப்படும். இரவில் எவரும் தொடமுடியாது. காலையிற் புறப்படுமுன் 10 நிமிடமும் மாலையில் 15 நிமிடமுமே பழுதுபார்க்க உண்டு. அவ்வேலையை ஓட்டுநர் தம் கையாலேயே செய்யவேண்டும். ரயர் மாற்றுதலும், சங்கிலி இறுக்குதலும், காற்றுவடி துப்புரவாக்குதலும், பிறேக் கட்டை மாற்றுதலும் அவர் வேலையே. துணைவர் பக்கத்தே நின்று வாயால் யோசனை கூறலாம், கைதொடலாகாது. உலகின் சிறந்த ஓட்டுநர் சிலர் ஒரு சக்கரத்து ரயரை ஐந்து நிமிடத்துக்குள் கழற்றி மாற்றிவிடுவர். பொறியின் முக்கிய உறுப்புகளில் நிறப்பூச்சால் அடையாளம் இடப்படுதலால், இரவோடிரவாகப் புதிய எஞ்சினை வைத்துவிடவும் இயலாது. பணமுடையவன் வெல்லுதலைக் கடினமாக்கி, தன் வண்டியை அறிந்தவனுக்கு இடங்கொடுக்கும் விதி இது.

பதக்கமுறை இதனினும் அழகியது. ஆறுநாட் போட்டியில் அவ்வவ் வகுப்பின் முதல்வரது தொகைக்கு மேல் 10 வீதத்துக்குள் முடித்தோர் அனைவர்க்கும் பொற்பதக்கம். 40 வீதத்துக்குள் முடித்தோர்க்கு வெள்ளி. நேர எல்லைக்குள் ஓட்டத்தை நிறைவுசெய்த ஏனையோர்க்கு வெண்கலம். முதல்வர் 3,000 விநாடி எடுத்தாராயின் 3,300 வரை பொன், 4,200 வரை வெள்ளி. பொற்பதக்கம் ஒன்றே என்ற வறுமை அங்கில்லை. பதினைந்து பேர் அத்தரத்தை எட்டினாற் பதினைந்து பேருக்கும் பொன்னே. அருகிருப்பவனைத் தோற்கடிக்காமலே தன் தரத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்பது நம் பரீட்சை மண்டபங்களிற் பழகியோர்க்கு எளிதில் விளங்கும் தத்துவம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி போன்றதன்று. சாதாரணதரச் சித்தி போன்றது.

திறன்வேறுபாட்டுக்கேற்ப வகுப்புப் பிரித்தலும் உலகெங்கும் உள்ள வழக்கம். உருமேனியா நாட்டின் சிபியு நகரையடுத்த மலைகளில் 2004 முதல் நடைபெறும் றோமானியாக்ஸ் என்னும் கடும் எண்டியூரோவிலே பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என வகுப்புகள் உண்டு. வல்லுநருக்குச் செங்குத்தான பாறைவழி. கீழ்வகுப்பினர்க்கு அதே மலையில் இணக்கமான வழி. எல்லோரும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு ஒரே ஊருக்கு வந்து சேர்வர். இமயமலைப் பகுதியில் 1999இல் தொடங்கப்பெற்ற றெயிட் டி ஹிமாலயா என்னும் ஓட்டத்திலும் கடும்பிரிவோடு, வேகத்தையன்றி நேரஒழுங்கையே கணிக்கும் இலகுவான பிரிவொன்றும் இருந்தது. சொந்த வண்டியைக் கொண்டுவந்து முதன்முறை ஓடிய பலர் அதன்வழியே இவ்விளையாட்டுக்குள் நுழைந்தனர். இந்தியாவில் இக்கலை வேரூன்றியமைக்குச் சான்றுகளும் உள. பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் 2015இல் தக்கார் நெடும்பாலை ஓட்டத்தை 36ஆம் இடத்தில் நிறைவுசெய்தார். கேரளத்துச் சொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024இல் அதே ஓட்டத்தில் 11ஆம் இடம்பெற்றுத் தம் வகுப்பில் முதல்வருமானார். ஐஸ்வர்யா பிசே என்னும் பெண்மணி 2019இல் பாஹா ஓட்டங்களுக்கான உலகக் கிண்ணத்தைப் பெண்கள் பிரிவில் வென்றார். தக்காரும் பாஹாவும் பொறையோட்டத்தின் உடன்பிறப்புக்கள். தூரமும் வேகமும் மிக்கவை.

மறுகோடியில் நிற்பது ஒஸ்திரியாவின் இரும்புமலைச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் ஏர்ஸ்பேர்க் ஓட்டம். தெரிவான 500 பேர் புறப்பட்டு 4 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். ஒரு கை விரல்களுக்குள் அடங்குவோரே முடித்த ஆண்டுகளும் உண்டு. 2015இல் ஒரு செங்குத்துச் சரிவிலே முன்னணியில் வந்த நால்வரும் தனித்து ஏறமுடியாதென்று கண்டு, ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்தும் தள்ளியும் ஏற்றி, நால்வரும் ஒருங்கே முடிவெல்லையை அடைந்தனர். நால்வரும் வென்றவரென்றே அறிவிக்கப்பட்டது. வண்டில் சேற்றிற் புதைந்தால் வழிப்போக்கர் தோள்கொடுப்பதை அறிந்த நமக்கு இதிலே வியப்பில்லை.

இப்பொழுது நம் மண்ணுக்கு வருவோம். கரடுவழியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் வன்னியாருக்குப் புதிதன்று. பொழுதுபோக்காக அல்லாமல் வாழ்வாகவே அதனைக் கற்றவர் நாம். 1990இன் பின், எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்தில், யப்பான் நாட்டுத் தபாற்காரருக்கென்று ஹொண்டா நிறுவனம் ஆக்கிய எம்.டி. 90 என்னும் சிறு வண்டி நம் பகுதியின் அரசனாய் விளங்கிற்று. பெற்றோல் கிட்டாதபோது மண்ணெண்ணெயிலே அதனை ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தைச் சூடாக்கி, அது சீராக முழங்கத் தொடங்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கண்ணைக் கரிக்கும். தீப்பொறிக் கட்டையிற் கரி படியும். அதைக் கழற்றித் துடைக்கும் சாவி எவர் பையிலும் இருக்கும். நோயாளியையும், நெல்மூட்டையையும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையையும் சுமந்து, மழைக்காலச் சேற்றிலும் மாசியின் புழுதியிலும் அவ்வண்டிகள் ஓடின. தம் வண்டியைத் தாமே பழுதுபார்த்து நேரத்துக்குச் சென்றடைதல் என்னும் பொறையோட்டத்தின் முழு இலக்கணமும் அங்கே இருந்தது. பதக்கந்தான் இல்லை.

இம்மண்ணின் வேறுபாடுகளும் இவ்விளையாட்டுக்கென்றே அமைந்தவை போலும். பூநகரி முதல் சுண்டிக்குளம் வரையுள்ள கரையோரங்களில் வெண்மணல். விசுவமடு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களிற் செம்மண்ணும் கிறவலும். குளங்களின் கீழுள்ள வயல்களிற் களி. மூன்றுக்கும் மூன்று வகை ஓட்டுமுறை.

மணலிலே புதியவர் செய்வது பயந்து வேகத்தைக் குறைத்தல். உடனே முன்சக்கரம் புதைந்து வண்டி சரியும். மணலில் உடலைச் சிறிது பின்வாங்கி, காற்பதியில் எழுந்து நின்று, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, விசையை ஒரே சீராய்க் கொடுத்தல் வேண்டும். கைப்பிடி சற்றே ஆடும், ஆடவிட வேண்டும். ரயரிற் காற்றைக் குறைத்தால் அது பரந்து மணலைப் பற்றும். கிறவலில் இதற்கு மாறாக, முன் பிறேக்கை வளைவினுட் பிடித்தாற் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். களியோ ஓட்டுநரைவிட வண்டியையே சோதிப்பது. சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையே களி அடைத்துச் சக்கரம் சுழலாது நின்றுவிடும்; ஒரு தடியும் சிறிது பொறுமையுமே மருந்து. நீர்த்துறைகளைப் பொறுத்தமட்டில், ஆழமறியாத இடத்தை முதலில் நடந்து கடந்து பார்க்கவேண்டும். காற்றுவடிக்கு மேல் நீர் ஏறினால் இயந்திரம் நீரைக் குடித்துவிடும். அவ்வாறு நின்ற வண்டியை உடனே உதைத்து இயக்க முயலலாகாது. தீப்பொறிக் கட்டையைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றிய பின்னரே இயக்கவேண்டும். எவ்விடத்தும் பொதுவான பாடம் ஒன்றே: கண் முன்சக்கரத்தில் இருத்தலாகாது, இருபது முப்பது யார் முன்னே இருக்கவேண்டும். கண் செல்லும் வழியே வண்டி செல்லும்.

இவையெல்லாம் எந்நாட்டு ஓட்டுநர்க்கும் பொது. வன்னிக்கே சிறப்பாக உரியதொன்று உண்டு. அதனை விரிவாகவே கூறவேண்டியுள்ளது. அது மிதிவெடி.

போரின்போது புதைக்கப்பட்ட வெடிகளை அகற்றும் பணி 2002இன் போர்நிறுத்த காலத்திலே தொடங்கி, மீண்டும் மூண்ட போரால் தடைப்பட்டு, 2009இன் பின் பேரளவில் நடந்துவந்துள்ளது. ஹேலோ டிரஸ்ட், மாக் என்னும் பிரித்தானிய அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும் அப்பணியில் ஈடுபட்டன. முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிச் செய்யும் இவ்வேலையில் நம் பகுதிப் பெண்கள் பலர், அவருட் போரிற் கணவரை இழந்தோர் பலர், ஈடுபட்டமையை இம்மலரிற் பதிந்துவைத்தல் தகும். பச்சிலைப்பள்ளிப் பிரிவின் முகமாலை, நாட்டின் மிகப் பெரிய மிதிவெடிப் பரப்புகளுள் ஒன்று. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலமனைத்தையும் துப்புரவாக்க 2028 யூன் வரை தவணை உண்டு. குடியிருப்புகளும் வயல்களும் வீதிகளும் முதலிலே துப்புரவாக்கப்பட்டன. காடுகளும் பற்றைகளும் பிந்தியே எடுக்கப்படும். பொறையோட்டக்காரன் நாடுவது எதை? அந்தக் காட்டையும் பற்றையையுமே.

ஆகவே வன்னியிற் பாதை வகுப்போர்க்கு விதி ஒன்று தவிர்க்கவியலாதது: புதுவழி வெட்டலாகாது. உழவு இயந்திரமும் மாட்டுவண்டியும் பல்லாண்டாக நாள்தோறும் சென்றுவரும் வழிகளிலேயே ஓட்டம் அமையவேண்டும். மாவட்டச் செயலகத்தினூடாக மிதிவெடி நடவடிக்கைப் பிரிவினரிடம் படத்தைக் காட்டி, முழுவழியும் விடுவிக்கப்பட்ட நிலம் என்று எழுத்தில் உறுதிபெறவேண்டும். மாரிவெள்ளம் மண்ணை அரித்து வெடிகளை இடம்பெயர்க்கும் இயல்புடையதாதலின், சென்ற ஆண்டின் உறுதி இவ்வாண்டுக்குப் போதாது. மண்டையோட்டுக் குறியிட்ட செம்பலகையைக் காணின் ஓட்டம் அங்கேயே நின்று, வந்த சக்கரச் சுவட்டிலேயே திரும்பவேண்டும்.

இங்கேதான் இவ்விளையாட்டின் சட்டம் நமக்குப் பேருதவி புரிகின்றது. உலகெங்கும் பொறையோட்டத்திற் குறியிட்ட பாதையைவிட்டு விலகிக் குறுக்குவழி சென்றவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவர். ஏனைய நாடுகளில் அது நேர்மைக்காக வகுத்த விதி. வன்னியில் அது காலுக்கும் உயிருக்குமாக வகுத்த விதி. ஒழுங்கமைப்பு இன்றி நாலைந்து நண்பர் வண்டிகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்து வழிதேடும் வழக்கம் பிறநாட்டிலே துணிகரமாகலாம். இங்கே அதனை எவ்விதத்தும் ஊக்கலாகாது. இளைஞருக்குக் கரடுவழி மீதுள்ள ஆசையோ தடுத்தால் அடங்குவதன்று. அவ்வாசைக்குக் குறியிட்ட வழியையும் நேர அட்டையையும் கொடுத்தல், ஏ-9 வீதியிலிருந்தும் விடுவிக்கப்படாத காட்டிலிருந்தும் ஒருங்கே அவரை விலக்கும் உபாயம் என்பது எம் துணிபு.

பாதைக்கு வேறு வரம்புகளும் உள. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பறவைகள் கூடும் அவ்விடத்தில் வண்டி முழக்கம் கூடாது. ஒதுக்குக்காடுகளுக்கு வனத்திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதனை நாடாது வெளிநிலத்திலேயே வழி அமைத்தல் அறிவுடைமை. குளக்கட்டின்மேல் ஓட்டம் கூடவே கூடாது. சக்கரம் அறுத்த சுவட்டில் மழைநீர் ஓடிக் கட்டை அரிக்கும் என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் மட்டுமன்றி எந்தக் கமக்காரரும் அறிவர். குளத்தின் கீழுள்ள வாய்க்கால்வழிகளே சிறந்தவை. இரணைமடுவின் கீழ் வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றங்களில் அத்தகைய வழிகள் பின்னிக் கிடக்கின்றன. கமக்காரர் அமைப்புகளைக் கேளாது அவற்றிலும் இறங்கலாகாது.

காலம் எது? காலபோகத்து நெல் ஐப்பசியையொட்டி விதைக்கப்படும், மார்கழிவரை மாரி. அப்பொழுது வழிகள் சேறு, வயல்கள் பசுமை. சிறுபோகம் அறுவடையாகி, வயல் வெறுமையாய்க் கிடக்கும் ஆவணிக் கடைசியும் புரட்டாதி முற்பாதியுமே ஏற்ற காலம். சோளகக் காற்றின் புழுதி அப்பொழுதும் ஓயாதிருக்கலாம். ஆதலின் நிமிடத்துக்கு ஒருவர் என்னாது இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் விடின், முன்செல்வோனின் புழுதி அடங்கியபின் மற்றவர் வழிகாண்பர்.

தொடக்கத்திலே 20 கிலோமீற்றர் வட்டம் ஒன்று போதும். வல்லுநர் அதனை மும்முறை சுற்றுவர், இடைநிலையினர் இருமுறை, முதன்முறை வருவோர் ஒருமுறை. கடினமான மணற்பகுதியைப் புதியவர் சுற்றிச் செல்ல மாற்றுவழி இடலாம். இலகு வகுப்பில் விசேட சோதனைப் பகுதியே வேண்டாம், நேரங்காத்தாற் போதும். வண்டி எதுவாயினும் குறையில்லை. டீ.ரி. 125 போன்ற கரடுவழி வண்டி உடையோர் நல்வாய்ப்புடையோர். 100 சீ.சீ. அன்றாட வண்டியோடு வருவோரும் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, பிறேக் நெம்புகோலைச் சற்றுத் தளர்த்தி (விழுந்தால் முறியாது சுழலும்), நல்ல ரயர் இட்டு வரலாம். பொதுவழியையும் தொடுவதால் ஓட்டுநர் உரிமமும், வரியும், காப்புறுதியும் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். முழுமுகத் தலைக்கவசம், கணுக்கால் மூடிய தோற்சப்பாத்து, கையுறை, முழங்கால் முழங்கைக் காப்பு ஆகியவை இன்றி எவரையும் புறப்படவிடலாகாது. செருப்போடு வண்டியோட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. அதனை அன்றைக்கேனும் வீட்டில் விட்டுவரவேண்டும். ஒன்றரை லீற்றருக்குக் குறையாத தண்ணீரும், உதிரி ரியூப்பும், சங்கிலி இணைப்பும், ஒரு தீப்பொறிக் கட்டையும் முதுகுப்பையில் இருக்கட்டும்.

வண்டி ஓட்டாதவர்க்கும் உரிமம் பெறும் வயதெய்தாத மாணவர்க்கும் இதிலே பணி நிறைய உண்டு. ஒரு நேரநிலையத்துக்கு மேசை ஒன்று, ஒத்தியக்கிய கடிகாரம் ஒன்று, எழுதுவோர் இருவர் வேண்டும். அட்டையிலும் பதிவேட்டிலும் இருவரும் தனித்தனியே எழுதி ஒப்புநோக்கவேண்டும்; ஒரு நிமிடப் பிழை ஒருவர் பதக்கத்தை மாற்றிவிடும். கணிதத்தில் வல்ல மாணவர் மாலையில் விநாடிகளைக் கூட்டி வகுப்புப் பிரிக்கலாம். சாரணரும் சென் ஜோன் முதலுதவிப் படையினரும் வளைவுகளில் நிற்கலாம். வண்டிப் பழுதுபார்க்குங் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் பரிசோதகராகலாம். பார்வையாளரைப் பாதையோரத்தில் நிறுத்தாது, நேரநிலையங்களிலும் நாடாவுக்கு அப்பால் மேட்டுநிலத்திலும் மட்டுமே நிற்கவிட வேண்டும். பொக்ஸ் ஹில்லின் துயரம் நினைவில் இருக்கட்டும். நோயாளர் வண்டி ஒன்று புறப்படும் இடத்தில் நில்லாத வேளையில் ஓட்டம் நடைபெறலாகாது. அது சென்றால் திரும்பிவரும்வரை எல்லா நிலையங்களும் புறப்பாட்டை நிறுத்தவேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மூன்று நகரங்களிலும் மாவட்ட வைத்தியசாலைகள் இருத்தல் நமக்கு வசதி. ஆயின் வாய்க்கால்வழியிலிருந்து தார்வீதிக்கு ஒருவரைக் கொண்டுவர எத்துணை நேரமாகும் என்பதை முன்னரே ஓடிப்பார்த்து அளந்திருத்தல் வேண்டும்.

கடைசி ஓட்டுநர்பின் அநுபவமிக்க இருவர் துடைப்போராகச் செல்லவேண்டும். விழுந்தோரை எழுப்புதலும், நின்ற வண்டியைக் கட்டி இழுத்துவருதலும், குறிகளைக் கழற்றிவருதலும் அவர் வேலை. அவர்கள் இறுதி நிலையத்தை அடைந்து, கொடுத்த அட்டைகள் அத்தனையும் திரும்பிவிட்டனவென்று எண்ணிப் பார்த்த பின்னரே பதிவேட்டை மூடலாம். இஃது எல்லாம் மாலை 4 மணிக்குள் முடிதல் நன்று. அதன்பின் யானைகள் குளத்து அலைகரைக்கு இறங்கும் பொழுது.